பி.வி.சி.யின் அக்கினிப் பரீட்சை



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். சுயமரியாதைக் கூட்டம் என்றால் ஜாதியைப் பற்றியும், கோவிலைப் பற்றியும், புரோகிதத்தைப் பற்றியும், பெண்ணடிமையைப் பற்றியும் பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நாமோ தண்ணீர்க் குழாயைப் பற்றியும், மின்சார ஒயரின் மேலுறையைப் பற்றியும், அவை சூட்டில் எப்படிக் கெடுகின்றன, அந்தக் கேட்டை எப்படி அளக்கின்றார்கள் என்பதைப் பற்றியும் பேசப்போகின்றோம். "இதற்கும் இயக்கத்திற்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்களானால், சம்பந்தம் நிறைய உண்டு என்றே சொல்லுவோம். ஒருவன் ஒன்றைச் சொன்னால் "உனக்கு அது எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்கவேண்டும் என்பதுதானே நாம் இத்தனை காலமாய்ச் சொல்லி வருவது? அந்தக் கேள்வியைச் சாமியிடமும் சாஸ்திரத்திடமும் கேட்டுவிட்டுக் கடைக்காரனிடம் கேட்காமல் வந்துவிடுவோமானால் பாதி வேலை செய்தவர்களாகத்தான் ஆவோம்.

வீடு கட்டுகிறவர்களைப் பாருங்கள். வாசற்படி எந்தத் திக்கைப் பார்க்கவேண்டும், அடுப்பு எந்த மூலையில் இருக்கவேண்டும் என்று கேட்க வாஸ்து சாஸ்திரிக்கு ஆயிரம் ஆயிரமாய்க் கொட்டிக் கொடுக்கின்றார்கள். அக்கினி மூலை சரியாயிருந்தால் வீட்டில் தீ அண்டாது என்று அவனும் சொல்லுகிறான், இவர்களும் நம்புகிறார்கள். ஆனால் அதே வீட்டின் சுவருக்குள் புதைக்கின்ற ஒயர் எத்தனை டிகிரி சூடு தாங்கும் என்று கேட்கின்றவர் நூற்றில் எத்தனை பேர்? ஒயரை வளைத்துப் பார்க்கிறோம். குழாயை விரலால் தட்டிப் பார்க்கிறோம். வெளுப்பாயிருந்தால் நல்லது, பழுப்பாயிருந்தால் மட்டம் என்கிறோம். "நம்ப சரக்கு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டு போங்கள்" என்று கடைக்காரர் சொன்னால் அவ்விதமே கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வருகிறோம். வீட்டில் தீப்பிடிப்பது அக்கினி மூலையில் அல்ல, ஒயரில் என்பது இன்னமும் நமக்கு உறைக்கவில்லை.

இந்த வஸ்து எது?

குழாய்க்கும் ஒயர் உறைக்கும் பெரும்பாலும் உபயோகிக்கப்படுவது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக். பாலி வினைல் குளோரைடு என்பது அதன் முழுப் பெயர். இதற்குத் தேவதைகளும் இல்லை, அவதாரமும் இல்லை. மனிதர்கள் தட்டித் தடவிக் கண்டுபிடித்ததுதான். 1872-ல் ஜெர்மனியில் பௌமன் என்ற இரசாயனி வினைல் குளோரைடு வாயுவைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வெயில் படும்படி வைத்தபோது உள்ளே வெள்ளையாக ஒரு திடப்பொருள் உண்டாயிற்று. அதை என்ன செய்வது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. 1913-ல் கிளாட்டே என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கியும் பிரயோஜனம் இல்லை. உருக்கி வார்க்கலாம் என்று சூடாக்கினால் அது உருகுவதற்குள் கெட்டுப் போயிற்று. 1926-ல் அமெரிக்காவில் செமன் என்பவர் இரும்பையும் ரப்பரையும் ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தவர், இதை எளிதில் ஆவியாகாத திரவங்களில் போட்டுக் காய்ச்சியபோது வளையக்கூடிய பி.வி.சி. கிடைத்தது. அதற்குப் பிறகுதான் இது உலகத்தைச் சுற்ற ஆரம்பித்தது. நம் மேட்டூரிலேயே 1960-களிலிருந்து இது தயாராகி வருகின்றது.

இதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். நூற்றுக்கு ஏறக்குறைய 57 பங்கு. குளோரின் இருப்பதினால் இது மற்றப் பிளாஸ்டிக்குகளைப்போல் குபீரென்று பற்றிக்கொள்வதில்லை. அது நல்ல குணம். ஆனால் அதே குளோரின்தான் சூட்டில் முதலில் வெளியே ஓடுகின்ற பேர்வழியும். நூறு டிகிரியை ஒட்டியே மெள்ள மெள்ளக் கெட ஆரம்பிக்கும். குழாயாகவோ உறையாகவோ வார்ப்பதற்கோ 170 முதல் 200 டிகிரி வரை சூடேற்றியாகவேண்டும். ஆகவே இந்தப் பொருளைச் செய்கின்றபோதே அதைக் கெடுத்துக்கொண்டுதான் செய்யவேண்டியிருக்கிறது.

கெடுவது என்றால் என்ன? பி.வி.சி.யின் ஒவ்வொரு மூலக்கூறும் நீண்ட சங்கிலி. சங்கிலி நெடுகக் கரியணுக்கள். ஒன்று விட்டு ஒன்றில் ஒரு குளோரின் தொங்கிக்கொண்டிருக்கும். சங்கிலி உண்டாகும்போதே அங்கங்கே சில இடங்களில் பழுது விழுந்துவிடுகின்றது. சூடு ஏறினால் அந்தப் பழுதான இடத்திலிருந்து ஒரு குளோரினும், பக்கத்துக் கரியணுவிலிருந்து ஒரு ஹைட்ரஜனும் கழன்று, இரண்டும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாய் வெளியேறும். அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் அதுதான் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒன்று கழன்றால் அதற்கு அடுத்தது தளரும்; அது கழன்றால் அதற்கு அடுத்தது. துணியில் ஒரு தையல் விட்டுப்போனால் இழுக்க இழுக்கத் தையல் முழுவதும் பிரிந்துகொண்டே போகிறதே, அப்படி. போதாக்குறைக்கு, வெளியே வந்த அமில வாயுவே உள்ளிருக்கின்ற தையலை இன்னும் வேகமாய்ப் பிரிக்கும்.

தையல் பிரிந்த இடமெல்லாம் கரியணுக்களுக்குள்ளே இரட்டைப் பிணைப்பு உண்டாகின்றது. இப்படி ஏழெட்டு இரட்டைப் பிணைப்புகள் ஒன்று விட்டு ஒன்றாய் வரிசையில் சேர்ந்துவிட்டால் வெள்ளைப் பொருளுக்கு மஞ்சள் நிறம் வந்துவிடும். இன்னும் நீண்டால் ஆரஞ்சு, பிறகு சிவப்பு, பிறகு பழுப்பு, கடைசியில் கருப்பு. காரட்டின் நிறத்திற்கும் தக்காளிப்பழத்தின் சிவப்பிற்கும் இதே மாதிரியான இரட்டைப் பிணைப்பு வரிசைதான் காரணம். காரட்டுக்கு வர்ணம் பூசியது ஆண்டவன் என்று சொல்லுகிறவர்கள், பழைய சுவிட்ச் பெட்டிக்குள் ஒயரைப் பழுப்பாக்கியதும் அவனேதான் என்று ஒப்புக்கொள்வார்களா?

நெருப்பில் இறக்குவது மாத்திரம் பரீட்சையாகுமா?

நம் நாட்டிலே நெருப்புப் பரீட்சைக்குப் பஞ்சமே இல்லை. இராமாயணத்தில் சீதையை நெருப்பில் இறக்கிப் பரீட்சித்ததாகக் கதை இருக்கின்றது. அதை இன்று வரையிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நாம் கேட்பது இதுதான். அந்தப் பரீட்சையில் எது அளக்கப்பட்டது? என்ன சூட்டில்? எவ்வளவு நேரம்? பரீட்சை செய்த புருஷனையும் அதே நெருப்பில் இறக்கி ஒத்துப் பார்த்தார்களா? எல்லாவற்றையும் விட வேடிக்கை, பரீட்சையில் தேறின பிறகும் அந்தப் பெண்ணைக் காட்டுக்கு அனுப்பினதாக அதே கதையில் இருக்கின்றது. பரீட்சையின் முடிவைப் பரீட்சை செய்தவனே நம்பவில்லை என்றால் அது என்ன பரீட்சை?

தீமிதி இன்னொன்று. கனல் பல நூறு டிகிரி சூடாகத்தான் இருக்கும். ஆனால் சாம்பல் மூடிய கரி சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. கால் அதன்மேல் படுவதும் ஒரு வினாடிக்கும் குறைவு. ஆகையால் பெரும்பாலோர் தப்பித்துக்கொள்கிறார்கள். நடுவில் நின்றவர் வெந்து போகிறார். அம்மன் அருளை அங்கே காணோம், நேரம்தான் இருக்கின்றது. இந்த "நேரம்" என்பதை நன்றாய்க் கவனித்துக்கொள்ளுங்கள், பி.வி.சி.யின் பரீட்சை முழுவதும் இதன்மேல்தான் நிற்கின்றது. எந்த மட்டமான ஒயரையும் இருநூறு டிகிரிச் சூட்டில் ஒரு நிமிஷம் காட்டி எடுத்தால் அதுவும் "தேறி"விடும். எத்தனை நிமிஷத்திற்குப் பிறகு அமிலம் வெளிவர ஆரம்பிக்கின்றது என்பதே கேள்வி.

மஞ்சளும் சுண்ணாம்பும் தெரிந்தால் போதும்

அமிலம் வெளியே வருவது கண்ணுக்குத் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பது? இது நம் தாய்மார்களுக்கு நன்றாய்த் தெரிந்த வித்தைதான். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவப்பாகிறது. அதைத்தான் ஆரத்தி என்று சுற்றிக் கொட்டுகிறீர்கள். மந்திரவாதி எலுமிச்சம்பழத்தை அறுத்து இரத்தம் வரவழைக்கிறான். கத்தியில் முன்பே செம்பருத்திப் பூச்சாற்றைத் தடவி உலர்த்தி வைத்திருக்கிறான், பழத்தின் புளிப்புப் பட்டதும் சிவக்கிறது. சில சாயங்கள் காரம் பட்டால் ஒரு நிறமும் அமிலம் பட்டால் இன்னொரு நிறமும் காட்டும். அந்தச் சங்கதியை மந்திரவாதி பயமுறுத்த உபயோகிக்கிறான். இரசாயனி அளக்க உபயோகிக்கிறான்.

பி.வி.சி.க்கு உபயோகிக்கின்ற சாயம் காங்கோ சிவப்பு. இதன் பெயரே ஒரு கதை. 1883-ல் ஜெர்மனியில் போட்டிகர் என்ற இரசாயனி இந்தச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அச்சமயம் பெர்லின் நகரத்தில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொள்ள 1884, 1885-ஆம் வருஷங்களில் மகாநாடு நடத்திக்கொண்டிருந்தன. எல்லோர் வாயிலும் "காங்கோ, காங்கோ" என்ற பேச்சாயிருந்தபடியால் சாயக் கம்பெனி தன் சரக்குக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டது. சாயத்துக்கும் காங்கோ நாட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஒரு ஜனசமூகத்தின் மண் களவு போவது இன்னொரு தேசத்தில் விளம்பரத்துக்கு உதவியிருக்கின்றது, அவ்வளவுதான். பரிசோதனைச் சாலைக்குள்ளேயும் வெளியுலகத்தின் அநியாயம் பெயர் வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதற்காக இதைச் சொன்னோம்.

சோதனை வெகு சுலபம். ஒயரின் உறையையோ குழாயையோ சின்னத் துண்டுகளாய் நறுக்கிக் கண்ணாடிக் குழாயில் போட்டு, காங்கோ சிவப்பு ஏற்றின தாள் ஒன்றைத் துண்டுகளுக்குச் சற்று மேலே தொங்கவிட்டு, ஒரே சூட்டில், பெரும்பாலும் 200 டிகிரியில், நிற்கும்படியான எண்ணெய்த் தொட்டியில் இறக்கிக் கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். தாள் சிவப்பிலிருந்து நீலமாய் மாற ஆரம்பிக்கின்ற நிமிஷந்தான் விடை. ஐ.எஸ்.ஓ. 182 என்கின்ற சர்வதேச விதியில் முதல் முறையாக இருப்பது இதுதான்.

ஆனால் "நீலமாய் மாற ஆரம்பித்தது" என்று சொல்வது யார்? கண். ஒருவர் கண்ணுக்கு 40-வது நிமிஷத்தில் தெரிவது இன்னொருவர் கண்ணுக்கு 43-வது நிமிஷத்தில் தெரியும். ஆகவே மனிதக் கண்ணை விலக்கிவிட்டு வேறு முறை கண்டார்கள். அரை கிராம் துண்டைச் சூடாக்கி, அதன்மேல் நைட்ரஜனையோ காற்றையோ ஒரே சீராய் ஓடவிட்டு, வருகின்ற வாயுவை அப்பழுக்கில்லாத தண்ணீருக்குள் விடுகின்றார்கள். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அநேகமாய்க் கடத்தாது. அமிலம் ஒரு துளி கலந்தாலும் கடத்த ஆரம்பித்துவிடும். அந்தக் கடத்தும் சக்தி 50 மைக்ரோ சீமென்ஸ் அளவு கூடுவதற்கு எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று கருவியே எழுதிக்கொள்ளும். இது எவ்வளவு நுட்பம் என்று கொஞ்சம் கணக்குப் பாருங்கள். தண்ணீர் 60 மில்லிலிட்டர் இருந்தால், இந்த அளவைக் காட்டக் கால் மில்லிகிராம் அமில வாயு போதும். அந்த அரை கிராம் முழுவதும் வெறும் பி.வி.சி.யாயிருந்தால் அதற்குள் அடங்கியிருப்பதோ 290 மில்லிகிராமுக்கு மேல். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிரிவதற்கு முன்பே கருவி சொல்லிவிடுகின்றது. துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் உங்கள் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றாது.

இன்னும் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, துண்டுகளை அடுப்பில் வைத்துப் பத்துப் பத்து நிமிஷத்திற்கு ஒன்றாக வெளியே எடுத்து வரிசையாய் அட்டையில் ஒட்டி நிறம் மாறுவதைப் பார்ப்பது. மற்றொன்று, தராசுத் தட்டையே உலைக்குள் வைத்து, சூடு ஏற ஏற எடை குறைவதைக் கவனிப்பது. இந்த வெப்பத் தராசை 1915-ல் செய்து பெயர் வைத்தவர் ஜப்பானியரான ஹோண்டா கோதாரோ. விஞ்ஞானம் வெள்ளைக்காரன் சொத்து என்று சொல்லுகிறவர்களும், எல்லாம் நம் வேதத்திலேயே இருந்தது என்று சொல்லுகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளட்டும். பி.வி.சி.யைத் தராசில் வைத்துச் சூடேற்றினால் 250 முதல் 350 டிகிரிக்குள் பாதிக்கு மேல் எடை போய்விடும். கணக்குப்படி அமில வாயு மாத்திரம் நூற்றுக்கு 58 பங்கு. 400-க்கு மேல் மிச்சமும் சிதைந்து கொஞ்சம் கரி நிற்கும். ஆனால் ஒயர் உறையில் வளைவதற்காக எண்ணெய் மாதிரியான திரவம் சேர்த்திருப்பார்கள். அதுவும் சூட்டில் ஆவியாகும். ஆகவே எடை குறைந்தது என்றவுடன் பி.வி.சி. கெட்டது என்று சொல்லிவிட முடியாது. போனது எது என்று தனியே பார்த்தாகவேண்டும்.

ஒழுகுகின்ற கூரையும் பாத்திரமும்

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியமானது. கெட்டுக்கொண்டே இருக்கின்ற பொருள் எப்படி இத்தனை நிமிஷம் அமிலத்தை வெளியே விடாமல் இருக்கிறது? மழைக்கு ஒழுகுகின்ற கூரையின் கீழ் நாம் என்ன செய்கிறோம்? பாத்திரம் வைக்கிறோம். பாத்திரம் நிறைகின்ற வரையில் தரை நனையாது. அதுபோல பி.வி.சி.யோடு நிலைப்படுத்தி என்று ஒரு சரக்கைச் சேர்க்கின்றார்கள். அது வெளியே வருகின்ற அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். நல்ல நிலைப்படுத்தியாயிருந்தால் பழுதான இடத்தையும் ஒருவாறு அடைக்கும். சோதனையில் நாம் அளப்பது பெரும்பாலும் இந்தப் பாத்திரம் நிறைகின்ற நேரத்தைத்தான். கூரை நல்ல கூரையாகிவிட்டதென்று அதற்கு அர்த்தமல்ல.

இதை அறிந்துகொண்டால் பல மோசங்கள் தாமாகவே விளங்கும். பழைய குழாயையும் பழைய ஒயர் உறையையும் உருக்கித் திரும்பவும் வார்த்தால் ஏற்கனவே பாத்திரம் முக்கால் நிறைந்துதான் இருக்கும். மேலே புது வர்ணம் கலந்துவிட்டால் கண்ணுக்குப் புதுச் சரக்கு. சோதனைக் குழாயில் போட்டாலோ சீக்கிரமே தாள் நீலமாகிவிடும். குழாயில் சுண்ணக்கல் தூளை அளவுக்கு மீறிக் கொட்டினால், அதுவும் அமிலத்தை ஓரளவு விழுங்குமாகையால் தாள் தாமதமாய்த்தான் மாறும். குழாயோ தட்டினால் உடையும். துத்தநாகம் சேர்ந்த நிலைப்படுத்தி ஆரம்பத்தில் நிறத்தை நன்றாய்க் காப்பாற்றிவிட்டு, அளவு தப்பினால் திடீரென்று ஒரேயடியாய்க் கருப்பாக்கிவிடும். இதனால்தான் அமிலத்தை மாத்திரம் பார்த்தோ நிறத்தை மாத்திரம் பார்த்தோ தீர்ப்புச் சொல்லக்கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் ஈயம். ஈய உப்புகள் அமிலத்தைப் பிடித்துக்கொள்வதில் வெகு கெட்டி, விலையும் மலிவு, மின்சாரமும் கசியாது. ஆகையால் எத்தனையோ வருஷ காலம் ஒயர்களுக்கும் குழாய்களுக்கும் ஈயத்தையே போட்டு வந்தார்கள். காங்கோ சிவப்புச் சோதனையில் ஈயம் போட்ட குழாய் பிரமாதமாய்த் தேறும். ஆனால் அதே குழாய் வழியாய்த்தான் குடிதண்ணீர் வருகின்றது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கின்ற விஷம் ஈயம். இவ்வளவு வரையிலும் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகின்றது. ஐரோப்பாவிலுள்ள பி.வி.சி. தொழிலார் ஈய நிலைப்படுத்தியை 2015-ஆம் வருஷ முடிவோடு விட்டுவிட்டார்கள். நம் இந்திய சர்க்கார் பி.வி.சி. குழாய்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்த விதி போட்டது 2021-ல்தான். நடுவில் போன வருஷங்களில் தண்ணீர் குடித்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்காகச் சோதனை பொய் சொல்லிவிட்டது என்று சொல்வீர்களா? அது பொய் சொல்லவில்லை. "எத்தனை நிமிஷம் தாங்கும்?" என்று கேட்டோம், அதற்குப் பதில் சொல்லிற்று. "குடிக்கின்றவனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்கவில்லை, அதற்கு வேறு சோதனை, குழாய்க்குள் தண்ணீரைத் தேக்கி வைத்து அதில் இறங்கின ஈயத்தை அளக்கின்ற சோதனை வேண்டும். நம்மில் சிலர் சாமியை விட்ட கையோடு "லேபரட்டரி ரிப்போர்ட்" என்ற காகிதத்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதுவும் நமக்குச் சம்மதமில்லை. "எங்கள் சரக்கு 60 நிமிஷம் தாங்குகிறது" என்று ஒருவன் காகிதத்தை நீட்டினால், எத்தனை டிகிரியில் என்று கேட்கவேண்டும். பத்து டிகிரி ஏறினால் கெடுகின்ற வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 190 டிகிரியில் 60 நிமிஷம் தாங்குவது 200 டிகிரியில் அரை மணி நேரந்தான் தாங்கும். உலையின் உஷ்ணமானி ஐந்து டிகிரி பிசகினாலே விடை நூற்றுக்கு நாற்பது பங்கு பிசகிவிடும். எத்தனை கிராம், காற்றிலா நைட்ரஜனிலா, எத்தனை தடவை செய்து பார்த்தது என்பதெல்லாம் இல்லாத எண், அர்த்தம் தெரியாமல் ஓதுகின்ற மந்திரத்திற்கு எந்த விதத்தில் மேலானது?

சாதாரண ஒயரின் உறை 70 டிகிரி வரையில் வேலை செய்வதற்கென்று செய்யப்படுவது. அதை 200 டிகிரியில் சில நிமிஷம் பார்த்துவிட்டு வீட்டில் இத்தனை வருஷம் உழைக்கும் என்று நேராய்க் கணக்கிட்டுச் சொல்வதும் சரியல்ல. இரண்டு சரக்கை ஒத்துப் பார்த்து எது மட்டம் என்று சொல்ல இந்தச் சோதனை கெட்டிக்காரத்தனமானது. ஜோசியம் சொல்ல அல்ல. மொட்டை மாடியில் வெயிலில் காய்கின்ற குழாயின் சங்கதி வேறு. அங்கே வெளிச்சமும் சேர்ந்து கெடுக்கும்.

புகையை யார் சுவாசிக்கிறார்கள்?

அளவுக்கு மீறின மின்சாரம் ஓடி ஒயர் சூடேறும்போது, நெருப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அமில வாயு வந்துவிடும். மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் இருக்கின்ற ஈரத்தில் அது கரைந்து அங்கேயே ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும். 1975-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி நியூயார்க் நகரத்தில் ஒரு தொலைபேசி நிலையத்தின் நிலவறையில் கேபிள்கள் பற்றிக்கொண்டன. சுமார் 1,70,000 தொலைபேசிகள் ஊமையாயின. பி.வி.சி. உறை எரிந்த புகைக்குள் ஏறக்குறைய 700 தீயணைப்பாளர்கள் இறங்கி வேலை செய்தார்கள். அன்று அங்கே யாரும் மாளவில்லை என்றாலும், அவர்களில் பலர் தொண்டையும் மார்பும் புண்பட்டுப் பின்னால் வெகுகாலம் கஷ்டப்பட்டார்கள். செம்பு ஒயருக்கு விலை உண்டு, தொலைபேசிக்கு விலை உண்டு. புகைக்குள் இறங்கினவன் மூச்சுக்கு மாத்திரம் யாரும் முன்கூட்டி விலை போட்டு வைத்திருக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்களில் பழைய ஒயரைக் குவித்துத் தீ வைத்துச் செம்பை எடுக்கின்றவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். அவர்களில் பலர் வேறு வேலை கொடுக்கப்படாத ஜாதியிலே பிறந்தவர்கள். அவர்களுடைய குழந்தைகளும் பக்கத்திலேயே நிற்கும். செம்பும் குளோரினும் சேர்ந்து எரிகின்ற இடத்தில் டையாக்ஸின் என்கின்ற விஷமும் உண்டாகும். அந்த வகையில் மிகக் கொடியதைப் புற்றுநோய் உண்டாக்குவதென்று 1997-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தீர்மானித்துவிட்டது. உறையைக் கத்தியால் உரித்தும் செம்பை எடுக்கலாம், அதற்கென்று யந்திரமும் உண்டு. ஆனால் நெருப்புக்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை, அந்த மனிதன் நுரையீரலுக்கும் கொடுக்கவேண்டியதில்லை என்பதால் வியாபாரிக்கு நெருப்புத்தான் இலாபம்.

வயிற்றுக்காக எரிக்கின்றவனையாவது மன்னிக்கலாம். போகிப்பண்டிகை என்று சொல்லிப் பழைய பாயோடு பிளாஸ்டிக் குழாயையும் ஒயரையும் டயரையும் போட்டுக் கொளுத்திக் குழந்தைகளைச் சுற்றி நிற்க வைத்துத் தப்பட்டை அடிக்கச் சொல்லுகின்றவர்களுக்கு என்ன சமாதானம்? 2018-ல் சென்னையில் போகிப் புகையும் பனியும் சேர்ந்து ஆகாய விமானங்களே இறங்க முடியாமல் போயிற்று. பழையன கழிய வேண்டுமென்றால் ஐந்து வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாய் வழியாகவா கழியவேண்டும்?

ஆகவே அடுத்த முறை வீட்டிற்கு ஒயர் வாங்கப்போகும்போது, முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், அந்தச் சரக்கின் சோதனைச் சீட்டைக் கேளுங்கள். வெப்ப நிலைப்புச் சோதனை எந்தச் சூட்டில், எத்தனை நிமிஷம் என்று அதில் இருக்கவேண்டும். தண்ணீர்க் குழாயானால் ஈயமில்லாத நிலைப்படுத்திதானா என்று கேளுங்கள். கடைக்காரர் முதல் நாள் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் கம்பெனிக்கு எழுதுவார். ஊராட்சியில் குழாய் போட டெண்டர் விடும்போது இதே கேள்வியை எழுத்து மூலமாய்க் கேளுங்கள். அங்கேதான் மட்டமான சரக்கு அதிகமாய் வந்து இறங்கும்.

நாம் கொண்டுவந்திருக்கின்ற காங்கோ சிவப்புத் தாள் அதோ மேஜைமேல் இருக்கின்றது. பக்கத்தில் எலுமிச்சம்பழமும் கத்தியும் இருக்கின்றன. கத்தியில் ஒன்றும் தடவவில்லை. வேண்டுமானால் கழுவிப் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைகள் முன்னால் வந்து ஒரு சொட்டு விட்டுத் தாள் நீலமாவதைப் பார்க்கட்டும். சந்தேகங்களைக் கேட்க விரும்புகின்ற தோழர்கள் துண்டுச் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுத்தால், எல்லாவற்றிற்கும் பதில் சொல்லிவிட்டே போகின்றோம்.